‘பாத்துக்கலாமுங்க’ என்றால் முடியுமா, முடியாதா?

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் “பாத்துக்கலாமுங்க” என்று சொன்னால் அதற்கு முடியும் என்றும் அர்த்தமில்லை, முடியாது என்றும் அர்த்தமில்லை. எதிரே இருப்பவர் மனம் கோணக்கூடாது, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி என் மகளுக்குக் கிடைத்த கல்லூரியைக் கெடுக்கப் பார்த்தேன்.

கோயமுத்தூர் கணபதியில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வாடகைக் கொட்டகை, இரண்டு லேத், கடனில் வாங்கியது. நானும் கூட ஒரு ஆளும். பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் இரும்புத் தடி கொடுப்பார்கள், அதைக் கடைந்து ஷாஃப்டாக்கித் திருப்பிக் கொடுப்போம். இந்தத் தொழிலில் “முடியாது” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த தடவை வேலை பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விடும். “திங்கக்கெழமை நூறு பீஸ் வேணுமுங்க” என்பார்கள். தலைக்கு மேல் வேலை கிடக்கும். “பாத்துக்கலாமுங்க” என்போம். இருபது வருடமாக அப்படித்தான் என் வாய் பழகியிருக்கிறது.

என் மகள் பன்னிரண்டாவது படிக்கும்போது வடக்கே இருக்கும் ஒரு கல்லூரியைப் பற்றிச் சொன்னாள். போய்ச் சேரவே இரண்டு நாள் ரயில். அங்கே சேரும்போது இன்ன பாடம்தான் என்று முடிவு செய்ய வேண்டியதில்லையாம். முதல் வருடம் வரலாறு, கணக்கு, உயிரியல், இசை என்று கலந்து படித்துவிட்டு, எது பிடிக்கிறதோ அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாமாம். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்கு இது பிடிபடவில்லை.

“என்ன படிக்கறதுன்னு ரோசன பண்றதுக்கே ஒரு வருசம் ஃபீஸா அம்மணி?” என்றேன்.

“நீங்க பட்டறை வெக்கறதுக்கு முன்னாடி எத்தனை வேலை பாத்தீங்கப்பா?”

மில், பேக்கரி, லாரி கிளீனர், மறுபடி மில். விண்ணப்பம் போடச் சொன்னேன்.

விண்ணப்பத்தோடு கட்டுரை எழுத வேண்டும். லேத்திலிருந்து சுருள் சுருளாக விழும் இரும்பைப் பற்றி எழுதினாள் என்று அவளுடைய அம்மா சொன்னாள். என்னிடம் காட்டவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் நேர்காணல். ஏகப்பட்ட பேர் போட்டிருந்தார்கள், கொஞ்சம் பேரைத்தான் எடுத்தார்கள். அதில் இவள் இருந்தாள். கட்டணத்தைப் பார்த்தேன். பட்டறை முழு வருடம் ஓடினாலும் அவ்வளவு மிஞ்சாது. ஆனால் அந்தக் கல்லூரியில் ஒரு வழி இருந்தது. குடும்பத்தால் முடிந்ததைக் கட்டினால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எவ்வளவு முடியும் என்று பெற்றோரிடம் போனில் கேட்பார்கள்.

போன் வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். எனக்காகத் தமிழ் தெரிந்த ஒருவரைப் பேச வைத்திருந்தார்கள். சென்னைக்காரர், நல்ல மனுசன்.

“சார், நீங்க கம்பெனி ஓனரா?”

“சின்னதா இருக்குதுங்க.”

“சொந்த மெஷினா சார்?”

“ஆமாங்க, ரெண்டு.” அவற்றின் மேல் இருந்த கடனை நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவரிடம் அதை எப்படிச் சொல்வது?

“பிசினஸ் எப்படிப் போகுது?”

“ஏதோ ஓடுதுங்க, உங்க புண்ணியத்துல.”

“கால்வாசி நாங்க தள்ளுபடி பண்ணா, மீதி உங்களால கட்ட முடியுமா சார்?”

“பாத்துக்கலாமுங்க.”

“அப்ப ஓகேன்னு போட்டுக்கட்டுமா?”

“செரிங்க” என்றேன். அவர் கேட்ட தோரணைக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. சாப்பிட்டீங்களா என்று வேறு விசாரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது. மகள் சத்தமாகப் படித்தாள். கால் பங்கு தள்ளுபடி. மீதியைச் செலுத்த முடியும் எனக் குடும்பத்தார் தெரிவித்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும்.

“அப்பா, அவிங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“பாத்துக்கலாம்னு சொன்னேன் கண்ணு.”

“அது ஆமாங்களா, இல்லீங்களா?”

எனக்கே தெரியவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். “என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இதையேதான் சொல்லிப்போட்டுப் போனாரு உங்கொப்பா. புடிச்சிருக்குதா இல்லையான்னு தெரியாம எங்கூட்டுல ஒரு வாரம் யாருக்கும் சோறு எறங்குல.”

நானும் அவளும் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “பரவால்லீங்கப்பா, நான் இங்கயே காலேஜ் போய்க்கறேன்” என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“மறுபடி போன் பண்ணி முடியாதுன்னு சொல்லுங்க” என்றாள் மனைவி.

“எப்படிச் சொல்றது?”

“நாந்தான் அந்தாளு. எங்க, சொல்லுங்க பாப்பம்.” கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் செரமமுங்க.”

“செரமம்னா மெட்ராசுல பஸ் கெடைக்கலைன்னு நெனச்சுக்குவாங்க. முடியாதுன்னு சொல்லுங்க.”

“முடியாதுன்னு இல்லீங்க, ஆனா...”

“ஏனுங்க! இருக்கறதே ஒரு புள்ளைங்க.”

மறுநாள் காலை பட்டறையில் இரண்டு லேத்தையும் நிறுத்தினேன். கூட இருந்த ஆளை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். எங்கள் சந்தில் லேத் நின்றால் அமைதி என்று ஒன்றும் கிடையாது, பக்கத்துக் கொட்டகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சத்தத்தோடே சென்னைக்காரருக்குப் போன் போட்டேன்.

“போன தடவ பாத்துக்கலாம்னு சொன்னேனுங்க. அதுக்கு முடியும்னு அர்த்தமில்லீங்க. எங்கூர்ல மரியாதைக்குச் சொல்றதுங்க. எங்களால அவ்வளவு கட்ட முடியாதுங்க.”

“சார், அப்ப முடியாதுன்னே எழுதிக்கட்டுமா?” என்றார்.

“பெருசாவே எழுதிக்குங்க.”

அவர் சிரித்துவிட்டார். “எவ்வளவு முடியும், அதையும் சொல்லுங்க சார்.”

சொன்னேன். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற அளவு. அந்தத் தொகையை வாய்விட்டுச் சொன்னபோது நடுரோட்டில் வேட்டி அவிழ்ந்த மாதிரிக் கூச்சமாக இருந்தது. மெஷின் கடனையும் சொன்னேன். பேங்க் காகிதங்களை அனுப்பச் சொன்னார். மகளே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிச் சேர்த்து அனுப்பினாள். “அப்பா, நல்லாத்தான் இருக்கறோம்னு ஒரு வரி சேத்துறட்டுங்களா?” என்று கேலியாகக் கேட்டாள். கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியதுதான். கெடு முடிய இரண்டு நாள் இருந்தது, ஒரு நாள் இருந்தது. கடைசி நாள் மத்தியானம் மகள் பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையில் கடிதத்தோடு உள்ளே வந்தாள். அவள் அங்கே வருவதில்லை, எண்ணெய் நாற்றம் பிடிக்காது. லேத் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் சொன்னது கேட்கவில்லை. நிறுத்தினேன்.

“படிப்புக்கான ஃபீஸ் முச்சூடும் தள்ளுபடிங்கப்பா. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் கட்டுனாப் போதுமாம்.”

“மறுபடி படி அம்மணி.”

படித்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். கூட இருந்த ஆள், “அண்ணா, புள்ளைக்கு வாய் வலிக்கப்போவுது” என்றான். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதுகில் ஒரு மூட்டை இருந்திருக்கிறது என்பதே அதை இறக்கிய பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு படிவத்தோடு உட்காரலாம். உங்கள் அப்பா என்னைப் போன்ற ஆளாக இருந்தால், அவர் போனில் பேசும்போது பக்கத்திலேயே இருங்கள். அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காந்திபுரம் கடைவீதிக்குப் போனோம். மார்கழியில் அந்தக் கல்லூரி இருக்கும் ஊரில் குளிர் எலும்பைப் பிடிக்குமாம், ஸ்வெட்டர் வேண்டுமாம். வெளியே மே மாத வெயில். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து மூட்டையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டே, “ஊட்டிக்குங்களா?” என்றார்.

“இல்லீங்க, காலேஜுக்கு” என்றாள் என் மனைவி. எந்தக் காலேஜ், எவ்வளவு தூரம், என்னென்ன பாடம் என்று அவர் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

மகள் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் அப்படித் திரும்பினாள், இப்படித் திரும்பினாள். நெற்றியெல்லாம் வியர்வை. “கழட்டு கண்ணு, வெந்துபோயிருவ” என்றேன். “இருங்கப்பா” என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை திரும்பினாள். கடைக்காரர் மேசைமேல் இருந்த ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.