மருமகன் குலுக்கினா மாமாக்கு விழும்

சண்டை முடிஞ்சு, கடலுக்குப் போக நேவி பாஸ் கேக்கிறது நிண்டுபோன காலம் அது. கற்பிட்டிப் பக்கம் எங்கட கரையில கரைவலைகள் கூடிப் போச்சு. வலை வளைக்கிற இடம் ஒண்டு, வலைக்காரச் சம்மாட்டிமார் எட்டுப் பேர். சோளகக் காத்து அடங்கினதும் வாற முதல் மீன் கூட்டம் முன்னுக்கு முறை கிடைச்சவனுக்கு. பிந்தினவனுக்கு வெறும் சாதாழைப் பாசிதான் மிச்சம். ஒவ்வொரு பருவமும் சீட்டுக் குலுக்குவாங்க, ஒவ்வொரு பருவமும் அடிபிடிதான். சீட்டை மடிச்சவன் கள்ளன், எடுத்தவன் அவனுக்கு மேல கள்ளன்.

அப்பதான் கரைவலைச் சங்கத்துக்கு ஒரு கொம்பியூட்டர் வந்திச்சு. அதில வலைக்காரர்ட பேரெல்லாம் ஏத்தி டேட்டாபேஸ் செஞ்சவர் என் மாமிட மகன். புத்தளம் டவுன்ல படிச்சவர், எனக்குப் பேசி வச்சிருந்த மச்சான். ஒவ்வொரு வலைக்கும் கண்டபடி ஒரு நம்பரை மெஷினே குடுக்குமாம், பெரிய நம்பர் வந்தவருக்கு முதல் முறையாம். "மெஷினுக்கு மாமா மச்சான் தெரியாது" எண்டு சொல்லி எல்லாரையும் சம்மதிக்க வச்சது என் வாப்பா. அவரும் ஒரு சம்மாட்டிதான்.

குலுக்கிற நாள், வாற பேரைக் கரும்பலகையில எழுத என்னைக் கூப்பிட்டாங்க. எனக்குக் கையெழுத்து வடிவு. வாயும் நீளம். மச்சான் தட்டினாரு, எட்டுப் பேரையும் வாசிச்சாரு, நான் எழுதினன். முதலாவது வாப்பாட வலை.

"மருமகன் குலுக்கினா மாமாக்குத்தானே விழும்!" எண்டாரு பின்னால நிண்ட ஒரு சம்மாட்டி. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

"நாக்கில நரம்பில்லாமக் கதைக்காதீங்க!"

"அப்ப அணைச்சிப் போட்டு முதல்ல இருந்து செய்யச் சொல்லு புள்ள."

மச்சான் தயங்கினாரு. நான்தான் விடல்ல. "செய்ங்க மச்சான், ஆருக்குப் பயம்?"

அணைச்சாரு, திறந்தாரு, தட்டினாரு. நான் பலகையை அழிக்கத் தேவையே இல்லாமப் போச்சு. எட்டுப் பேரும் அதே வரிசையில வந்தாங்க.

சங்கத்துக்குள்ள சந்தை இரைச்சல். "பாடமாக்கி வச்சிருக்கானுகள்!" எண்டு கதிரையைத் தூக்கினவங்களும் உண்டு. மச்சான் வேர்த்துக் கொட்ட, டவுன்ல தனக்குப் படிப்பிச்ச சேருக்குக் கோல் எடுத்து, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஃபோனை மேசையில வச்சாரு.

சேர் ஆறுதலாச் சொன்னாரு. "தம்பி, அது உண்மையாக் குலுக்கிறதில்ல. ஒரு நம்பரை வச்சு அடுத்த நம்பரைக் கணக்குப் போட்டு எடுக்குது. பார்வைக்குத்தான் கலைஞ்ச மாதிரி இருக்கும். திறக்கிற நேரமெல்லாம் ஒரே நம்பர்ல இருந்துதான் தொடங்கும். மணிக்கூட்டைப் பாத்துத் தொடங்கு எண்டு ஒரு வரி போடுங்க, சரிவரும்."

மச்சான் அந்த வரியைப் போட்டாரு. திரும்பக் குலுக்கினா வாப்பாட வலை ஏழாவது. "அல்லாஹ்ட நாட்டம்" எண்டு முதல்ல சொன்னது வாப்பாதான். கதிரை தூக்கினவங்க மச்சான்ட முதுகில தட்டினாங்க. மெஷின்ட பிழையாம், பொடியன் பாவமாம். எல்லாரும் சந்தோஷமாப் போயிட்டாங்க.

எனக்கு மட்டும் கணக்குச் சரிவரல்ல. திறக்கிற நேரமெல்லாம் ஒரே வரிசை வருமெண்டா, ஒருக்காத் திறந்து பாத்தவருக்கு மறுநாள் என்ன வரும் எண்டு தெரியாதா? உப்புப் பாக்காம ஆணம் இறக்கிற ஆள் இல்ல இவரு. மச்சான் வயரைச் சுத்திக்கொண்டு இருந்தாரு. கிட்டப் போனன்.

"மச்சான், நேத்து இதை ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஓம்."

"எத்தினையாவதா எழுதின பேர் முதல்ல வரும் எண்டு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்."

மச்சான் வயரைப் பைக்குள்ள திணிச்சாரு.

"வாப்பாட பேரை அந்த இடத்தில போட்டது ஆரு?"

"நான்தான்."

இந்தக் கள்ளனுக்காகவா ஊர் முன்னால வாய் கிழியக் கத்தினன்? "நீங்க எனக்கு வேணாம்" எண்டு முகத்துக்கு நேராச் சொன்னன்.

"சரி. ஆனா நேத்து மாமாதான் எனக்குப் பக்கத்தில இருந்து பேரை மாத்தச் சொன்னாரு. வலை முன்னுக்கு வந்தாத்தான் இந்த வருஷம் நிக்காஹ் எண்டாரு."

"பிடிபட்டதும் என் வாப்பாவை இழுக்கிறீங்களா? வெக்கமில்ல?"

கையைக் கூட ஓங்கிட்டன். எப்பிடி வூட்டுக்கு வந்தன் எண்டு தெரியாது. இந்தச் சம்பந்தம் வேணாம், உங்கட பேரையே விக்கிறாரு இந்த மனிசன் எண்டு சொல்லி, வாப்பாவைக் கொண்டே மச்சானை நாலு கேள்வி கேக்க வைக்கிறது எண்டுதான் வந்தன்.

வாப்பா சோறு திண்டுகொண்டு இருந்தாரு.

"வாப்பா! நீங்கதான் பேரை மாத்தச் சொன்னீங்களாம், கேட்டீங்களா இந்தக் கதையை?"



"மெதுவாக் கதை மகள்," எண்டாரு. "பக்கத்து வூட்டுக்குக் கேக்கும்."