வெட்டாமல் விட்ட குதிரை

என் மனைவி திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவள். கோடு விழுந்துவிட்டால் கத்தரி நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் ஓரம் பிசிறடிக்கும் என்பாள். அதே கையால் சதுரங்கம் ஆடினால் உருப்படுமா? விடுமுறைக்கு விடுமுறை அவள் அண்ணனிடம் தோற்றுக்கொண்டே இருந்தாள்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கச் சொல்லித் தருபவருக்கு வாயில் மட்டும் பிரேக் கிடையாது. ஜெயித்ததும் தங்கையின் தலையில் தட்டி, "பாப்பா, நீ துணிய வெட்டு, அது போதும்" என்பார். நாற்பதைத் தாண்டியவள் பாப்பாவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்து மழுப்புவாள். வீட்டுக்கு வந்த பிறகு பாத்திரங்கள் சத்தம் போடும். ஒரே ஒரு தடவை அண்ணன் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைக் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

மனுஷன் கள்ளாட்டம் ஆடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். அதனால் ஒரு ஆட்டம் முழுவதையும் ஃபோனில் படம் பிடித்தேன். மறுநாள் சாப்பாட்டு மேசையில் பலகையை வைத்து, படத்தை நிறுத்தி நிறுத்திக் காய்களை நகர்த்தினோம். நான் அவர் கையையே பார்த்தேன். அவள் தன் கையைப் பார்த்தாள். கள்ளாட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர் சிப்பாயை நீட்டினார், இவள் வெட்டினாள். யானையைத் தனியாக விட்டார், அதையும் வெட்டினாள். இவள் வெட்டப் போன நேரத்தில் இவள் ராஜாவுக்குக் காவலே இல்லாமல் போயிருந்தது.

"ஏங்க, அண்ணன் என்னைய ஜெயிக்கலங்க. வெட்டக் கிடைச்சா போதும்னு நானா போய் விழறேன்" என்றாள்.

அன்றிலிருந்து என்னோடு ஆடிப் பழகினாள். காய் சிக்கினால் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் யோசிப்பாள். காத்திருந்து காத்திருந்து எனக்குத்தான் கோபம் வரும். கோபத்தில் நான் தோற்பேன்.

அடுத்த விடுமுறைக்கு அண்ணன் வீட்டில் ஆட்டம். பாதியில் அவர் தன் குதிரையை இவள் ராணியின் வாயருகே கொண்டுவந்து வைத்தார். இவள் கை சரேலென்று போனது. போன கை காயைத் தொடாமல் திரும்பி மேசைக்கு அடியில் போய்விட்டது.

என்ன பாப்பா, குதிரை கடிச்சிடுமா என்று அவர் கேலி செய்தார். அவள் குதிரையை விட்டுவிட்டு, மந்திரியை நகர்த்தித் தன் ராஜாவுக்குக் காவல் வைத்தாள். அவர் முகம் சுண்டிவிட்டது. அவருடைய படையெல்லாம் இவள் பக்கம் வந்து நிற்க, அங்கே அவர் ராஜா தனியாக இருந்தார். அவர் வேறொரு காயை நகர்த்தியதும் இவள் யானை நேராக உள்ளே போனது. அவர் பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார். பிறகு தன் கையாலேயே ராஜாவைக் கவிழ்த்தார்.

நான் எழுந்து நின்று கை தட்டினேன். சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓடி வந்து, என்னைவிடப் பலமாகத் தட்டினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் தங்கையின் தலையில் தட்டவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த இடத்துல கோட்டை விட்டேன்? கொஞ்சம் காட்டும்மா" என்றார்.

அவர் அவளிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, காய்களை ஒவ்வொன்றாகப் பழைய கட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

"நான் வெட்டிடுவேன்னு நெனச்சே பாரு, இங்கதாண்ணா."