உளுந்து கிடந்த ரோட்டில் பதினாறு கிலோமீட்டர்

புதன்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு ராஜபாளையத்தில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள், ஒரு பாட்டில் தண்ணீர், பையில் நான்கு சுருள் பேண்டேஜ் துணி. நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில், ஒரு சுருள் எப்போதும் பையில் கிடக்கும். அன்றைக்கு நான்காக எடுத்து வைத்தது பயத்தில்தான்.

காரணம் என் மகள் கார்த்திகா. மதுரையில் படிக்கிறாள். சனிக்கிழமை இரண்டு தோழிகளோடு மதுரையிலிருந்து சைக்கிளிலேயே ஊருக்கு வரப்போவதாகப் போனில் சொன்னாள். தோழிகள் இருவருக்கும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்குப் பிறகு ராஜபாளையம் வரை இவள் தனியாக வரவேண்டும். பட்டாளத்தில் இருக்கிற என் வீட்டுக்காரரிடம் சொன்னால், வரட்டுமே என்றார். எல்லை காக்கிறவருக்கு எங்கள் ஊர் லாரி எங்கே தெரிகிறது?

"ரோட்ட நீயே பாத்துச் சொல்லும்மா. நீ சொல்ற ரோட்டுல வாரேன். வராதன்னு மட்டும் சொல்லாத" என்று கார்த்திகா என் வாயை அடைத்துவிட்டாள். சரி, பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் லீவு போட்டேன். உண்மையைச் சொன்னால், வராதே என்று சொல்ல ஏதாவது ஒரு சாக்குக் கிடைக்காதா என்றுதான் கிளம்பினேன்.

இரண்டு ஊருக்கும் இடையே இரண்டு வழி. மெயின் ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர், கேரளாவுக்குப் போகிற லாரிகள் ஓயாத ரோடு. மம்சாபுரம் சுற்றிப் போனால் பதினாறு. அந்த வழியில் கூட்டம் கிடையாது, அதனால் பயமும் கிடையாது என்று நினைத்துக்கொண்டு அதில் திரும்பினேன்.

ஆறரைக்கு மாந்தோப்புகள் தொடங்கின. இடப்பக்கம் மலை, மூடுபனி இன்னும் கலையவில்லை. ஒரு தோப்பு வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளை நாய் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. குரைத்திருந்தாலாவது தேவலை. நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். காவல்காரர் வந்து சங்கிலியைக் காட்டினார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அவிழ்த்துவிடுவார்களாம். ஐந்துக்குள் இந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று கையிலிருந்த தாளில் குறித்தேன்.

ஏழே காலுக்கு மம்சாபுரம். டீ பன்னிரண்டு ரூபாய். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் யானை இறங்கி இரண்டு தென்னையைச் சாய்த்துவிட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. இந்த ரோட்டுக்கு வருமா என்று கேட்டேன். பகலில் வராது என்றார். அப்பாடா என்று இருந்தது, ஆனால் பாதி டீயை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மம்சாபுரம் தாண்டி மூன்று கிலோமீட்டரில் ரோட்டை அடைத்து உளுந்துச் செடி காயப்போட்டிருந்தார்கள். மாசி மாதத்தில் எங்கள் பக்கம் இது சகஜம். பிடுங்கிய செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டி ஏறி, உளுந்து உதிர்ந்துவிடும். ஒதுங்கிப் போகிறவனை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். ரோட்டோரம் கூட்டுமாறோடு நின்ற அம்மாளும், ஏத்திப் போ தாயி என்று கைகாட்டினார்கள். ஓரத்தில் ஒரு முழம் காலி இடம் இருந்தது. அதில் போயிருக்கலாம். வெளியூர்க்காரி போயிருப்பாள். நான் மரியாதைக்கு நடுவில் ஏற்றினேன்.

பத்தடி கூடப் போகவில்லை. உளுந்துக் கொடி பின்சக்கரத்தில் சுற்றி, செயினுக்குள் புகுந்து, சக்கரம் நின்றுவிட்டது. சைக்கிள் சாய்ந்து ரோட்டுக்கு நடுவில் விழுந்தேன். பின்னால் வந்த லோடு ஆட்டோ பிரேக் பிடித்த சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. தலைக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அந்த நேரத்தில் முழங்கால் வலி தெரியவில்லை. கார்த்திகா என்று ஒரு பெயர்தான் ஓடியது.

அந்த அம்மாள் ஓடிவந்து தூக்கினார்கள். பெயர் பேச்சியம்மாள். ஆட்டோக்காரர் செயினிலிருந்து கொடியை அறுத்து எடுத்தார். நான் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டே மகள் கதையைச் சொன்னேன். பேச்சியம்மாள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"வண்டி ஏறட்டும்னுதான் கூப்பிடுதோம். சைக்கிளுக்கு இம்புட்டு இருக்குன்னு எனக்குத் தோணல தாயி. புள்ள என்னைக்கு வருது?"

சனிக்கிழமை மூன்று மணிவாக்கில் என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்போது ஒன்பதே கால். சைக்கிள் கடையில் மிச்ச நாரையும் எடுத்துச் செயினை மாட்ட அறுபது ரூபாய். திரும்பும்போது மெயின் ரோடு. லாரி ஒவ்வொன்றும் தாண்டும்போது காற்று என்னை உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. மூன்று முறை இறங்கி நடந்தேன். ஒருமுறை ரோட்டோரம் நின்று அழுதேன், யாரும் பார்க்கவில்லை. வீடு சேர ஒன்றே கால் மணி நேரம்.

வராதே என்று சொல்லச் சாக்குத் தேடிப் போனவளுக்கு முழங்காலிலேயே சாக்கு இருந்தது. ஆனால் என்னை உதறவைத்தது வேறு. சின்ன வயதில் அவளை டிவிஎஸ் வண்டியில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு, உளுந்து கிடந்தால் ஏத்தித்தான் போகணும், அவிய பாடு அது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். வேறு பிள்ளைகள் என்றால் ஒதுங்குவார்கள். என் மகள் ஏற்றுவாள்.

ராத்திரி வரை காத்திராமல் அப்போதே போன் போட்டேன். மம்சாபுரம் வழி, ஐந்துக்குள் மாந்தோப்பைத் தாண்டணும் என்றேன். "உளுந்து கெடந்தா எறங்கி உருட்டு. யாரு கூப்பிட்டாலும் ஏத்தாதட்டி" என்றேன். சரிம்மா, சரிம்மா என்றாள். அந்தச் சரி எனக்குப் போதவில்லை.

சனிக்கிழமை நானே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நின்றேன். இரண்டே காலுக்கு வந்தாள், கறுத்து, சிரித்துக்கொண்டு. அவள் முன்னால், நான் பின்னால். மூன்று மணிக்கு அதே இடம். ரோட்டில் செடி கிடந்தது, ஓரமாக ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குச் சுத்தமாகக் கூட்டி விட்டிருந்தது. அப்படியும் பேச்சியம்மாளைப் பார்த்ததும் கார்த்திகா சிரித்தபடி ஹேண்டிலை உளுந்துப் பக்கம் திருப்பினாள். எட்டிப் பிடிக்க நான் வேகமாக மிதித்தேன்.

பேச்சியம்மாள் தன் உளுந்துக்கு முன்னால் வந்து கூட்டுமாற்றைக் குறுக்கே நீட்டினார்கள்.

"இங்கிட்டு ஏறாத தாயி. அங்கிட்டுப் போ."

கார்த்திகா ஒதுங்கிப் போனாள். நானும் போனேன், கைகூப்பக் கூட ஹேண்டிலை விட முடியாமல்.

நாலே காலுக்கு மாந்தோப்பைத் தாண்டினோம். போகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்: தூரம் பதினாறு கிலோமீட்டர், பகலில் போங்கள், மாசியில் உளுந்தைப் பார்த்தால் இறங்குங்கள். திரும்பி வரும்போது மலை எந்தப் பக்கம் இருந்தது, வெயில் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வழி முழுக்க நான் பார்த்தது ஒரு பின்சக்கரத்தை மட்டும்தான்.