சீமைக்கருவேலங் கிட்டார்

ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் முதுகில் கிட்டாரை மாட்டிக்கொண்டு நடந்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். கலைஞன் போகிறான் என்ற நினைப்பு. நான் தங்கியிருந்த அறையிலிருந்து துரத்தப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. சற்று முன்புதான் சுவரில் தொங்கிய கிட்டார், ஆணியோடும் காரையோடும் பாதிச் செங்கல்லோடும் இறங்கி, வீட்டுக்காரம்மாவின் கண்ணாடி மேசையைத் தூளாக்கியிருந்தது. கிட்டாரில் கீறல்கூட இல்லை. ஒன்று அது போக வேண்டும், இல்லை நீ போக வேண்டும் என்று அந்த அம்மாள் ஸ்பானிஷில் கத்தியது எனக்கு முழுதாகப் புரிந்தது. புது ஊரில் முதலில் புரிகிற வாக்கியங்கள் இந்த மாதிரிதான் இருக்கும். விற்றுத் தொலைத்துவிட்டு வா, கட்டில் காத்திருக்கும் என்றார்கள் கூடத் தங்கியவர்கள். இருட்டுவதற்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். நடந்தேன்.

திருச்சுழிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். மழை ஏமாற்றிய வருடங்களில் பருத்திக்குப் பதில் அதில் சீமைக்கருவேல் விளைந்தது. விதைக்க வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். அய்யா தினமும் போய்த் திட்டிவிட்டு வந்தால் போதும். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் ஸ்பீக்கர் தூக்கப் போனவன். தூக்காத நேரத்தில் கிட்டார் பழகினேன். வெளிநாடு போகிறேன் என்றதும் அய்யா அத்தனை மரத்தையும் கரிமூட்டம் போடுகிறவருக்கு விற்று என்னை அனுப்ப ஏற்பாடு செய்தார். அதில் ஒரு கிழட்டு அடிமரத்தை மட்டும் எனக்கு வேண்டுமென்று கேட்டேன். ஊரைவிட்டுப் போகிறவன் நிலத்தில் விளைந்ததில் ஏதாவது எடுத்துப் போக வேண்டாமா? வேறு எதுவும் விளையவில்லை.

"கரண்டுல ஓடுற கித்தாருக்கு மரம் எதுக்குலே?" என்று அய்யா சிரித்தார்.

செய்துகொடுத்தவர் பாளையம்பட்டியில் கதவுநிலை செய்கிற ஆசாரி. கொஞ்சம் இழைத்துக் கனத்தைக் குறையுங்கள் என்றேன். "எளச்சுப் போனா என் பேருல்ல கெடும்? ஆனையக் கட்டுனாலும் அசையாது தம்பி" என்றார். நிலைக்கு வைப்பதுபோல மஞ்சளும் குங்குமமும் வைத்தே கையில் கொடுத்தார். கம்பியெல்லாம் இணைத்தவர் விசைத்தறிக்கு வயரிங் பார்க்கிற எலக்ட்ரீசியன். அவர் பங்குக்கு, வீட்டுச் சுவரில் இருக்கும் விளக்குச் சுவிட்ச் ஒன்றை நடுவில் பதித்துவிட்டார். கீழே தட்டினால் பாட்டு, மேலே தட்டினால் அமைதி. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மதியத்துக்குள் தோள் இற்றுவிட்டது. ஒரு தெருவில் வீட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த வேனின் பின்படியில் உட்காரலாமா என்று சைகையில் கேட்டேன். குட்டையான டிரைவர், உதவுகிறேன் என்று கிட்டாரை வாங்கினார். வாங்கிய கை அப்படியே தரைவரை போனது. உறையைப் பிரித்தார். சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். பிறகு அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டி மோந்தவர், "அல்கரோபோ!" என்று கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன்.

திட்டவில்லை, மரத்தின் பெயர் என்று போன் மொழிபெயர்த்துச் சொன்னது. அவர் வில்மர், பெரு நாட்டின் வறண்ட வடக்குப் பக்கத்துக்காரர். அங்கே ஊரெல்லாம் இந்தச் சாதி மரம்தானாம். காயைக் காய்ச்சிப் பாகெடுத்துப் பாலில் கலந்து குடிப்பார்களாம். எங்கள் ஊரில் ஆடு தின்னும் என்றேன். ஆடும் தின்னலாம் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டவர், "எங்கள் மரம் உன்னிடம் எப்படி?" என்றார். எங்கள் மரம் என்று சொல்ல வாயெடுத்தேன். பேரிலேயே சீமை இருந்தது. "என் அப்பா நிலத்தில் நின்றது" என்று மட்டும் சொன்னேன்.

அந்த நிலத்தைக் காட்டு என்றார். அய்யாவுக்கு வீடியோ போட்டேன். அவர் நிலத்தில்தான் நின்றிருந்தார்.

"இந்தக் கண்றாவியப் பாருலே" என்று போனைத் திருப்பினார். வெட்டிய இடமெல்லாம் இடுப்புயரத்துக்கு மறுபடி தழைத்திருந்தது. வில்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவுக எதுக்குலே அழுகுறாக?"

"அவுக ஊர்லயும் இந்த மரந்தான்யா."

அய்யா போனைத் தன் பக்கம் திருப்பினார். "பாவம், அங்கயும் வந்துருச்சா? மெசினு விட்டு வேரோட பிடுங்கச் சொல்லு."

என்ன சொல்கிறார் என்று வில்மர் கேட்டார். நலமா என்று கேட்கிறார் என்றேன்.

அன்று அவர் வீட்டு சோபாவில் கிட்டாருக்கு இடம் கிடைத்தது. எனக்குத் தரையில். இதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் ஃபிரிட்ஜ் தூக்க மாட்டானா என்று வேலையும் அவரே முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் காலை, ஓர் ஆசிரியையின் வீட்டை நான்கு மாடி இறக்கி வேனில் ஏற்றும் வேலை. கிட்டார் வேனின் முன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. கீழே நின்று தன் சாமான்களைச் சரிபார்த்த அந்த அம்மாள், இது என்னுடையது இல்லையே, யாருடையது என்று கேட்டார்.

"என்னுடையது" என்றோம், அலமாரியின் மேல்முனையைப் பிடித்திருந்த வில்மரும் கீழ்முனையைப் பிடித்திருந்த நானும், ஒரே நேரத்தில். அலமாரி நடுவில் இருந்ததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.