கொம்புத் திருக்கை ஏன் துள்ளுது, தம்பி?

தூண்டில்காரரை ஏற்றிக்கொண்டு போகிற வள்ளக்காரனுக்குக் கடல் தெரிந்தால் மட்டும் போதாது. அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் கரைக்கு வருமுன் விடையும் தெரிந்திருக்க வேண்டும். எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஹனீபா முதலாளியின் மெசின் வள்ளத்தை நான்தான் ஓட்டினேன். முதலாளி கிண்ணியாக்காரர். நல்ல மனிதர், ஆனால் வள்ளத்தில் போன ஆள் முகம் சுளித்துக்கொண்டு இறங்கினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. என் குரலோ பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பஸ்ஸிலோ கடையிலோ ஆட்களோடு மாரடித்துப் பிழைத்தவர்கள் என் பாட்டை விளங்கிக்கொள்வீர்கள்.

தெரியாதென்று சொன்ன குற்றம்

கொம்புத் திருக்கை என்று ஒரு சின்ன இனம். செட்டையை விரித்தால் ஒரு சாக்கின் அகலம் வரும். தலையின் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி இரண்டு மடல். காற்று விழுந்த பின்னேரங்களில் கொட்டியாபுரக் குடாப் பக்கம் ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு எழும்பும். ஒரு கணம் ஆகாயத்தில் நிற்கும். பிறகு ஈரச் சாக்கைக் கல்லில் அடித்த மாதிரி 'சளார்' என்று வயிறு அடிபட விழும். அது விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொன்று முதுகுப்பக்கம் எழும்பும். மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகிற லோஞ்சில் நித்திரை கொள்ளுகிறவர்கள்கூட எழும்பிப் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி துள்ளுது?" என்று கேட்டது. "தெரியாது" என்றேன். உண்மை அதுதான். இறங்கினதும் முதலாளியிடம், வள்ளம் நல்லது, வள்ளக்காரனுக்குத்தான் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தெரியாதெண்டு சொல்லுறதுக்கு நான் ஒரு வள்ளம் விட வேணுமா? அவங்க கரையில இருந்தே தெரியாம இருந்திருப்பாங்களே!"

பேனும் கலியாணமும்

விடை தேடத் தொடங்கினேன். வீட்டில் இருந்த கதைகள் உதவவில்லை. அப்பாவின் தகப்பன் சொன்ன கதையில் திருக்கை கோயில் மணியோசை கேட்கத் துள்ளும். அம்மாவின் தகப்பன் சொன்ன கதையில் அதே மணிக்குப் பயந்து துள்ளும். சின்ன வயதில் இரண்டையும் நம்பினேன், ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. பக்கத்து ஊரான சல்லியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களைக் கேட்டேன்: "உடம்பில பேன் மாதிரிப் பூச்சி ஒட்டியிருக்கும், உதறுறதுக்குத் துள்ளுது." துறையில் ஐஸ் உடைக்கிறவரைக் கேட்டேன்: "கலியாண ஆட்டமப்பா, பொம்பிளைக்குக் காட்டுது." இரண்டு பேரும் நேரே கண்ட மாதிரித்தான் சொன்னார்கள்.

அன்புவழிபுரத்துத் தருமலிங்கம் அண்ணை ஒரு கந்தோரில் கிளாக்கர். அவர் கேட்டபோது பூச்சிக் கதையைச் சொன்னேன். அடுத்த நாள் அவர் தன் அக்காவின் புருஷன் சிவராசா ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொழும்பிலிருந்து லீவில் வந்தவர், கையில் புதுத் தூண்டில் தடி. அவர் கேட்க, கொழும்புக்காரருக்குப் பூச்சி மரியாதையில்லை என்று நினைத்துக் கலியாணக் கதையைச் சொன்னேன். தருமலிங்கம் அண்ணை வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் இருந்து திரும்பிப் பார்த்தார்.

"நேற்று எனக்குப் பேன் எண்டீர், இண்டைக்கு அத்தானுக்குக் கலியாணம் எண்டுறீர். என்ன தம்பி, தலை பாக்காமலே பொம்பிளை குடுத்திட்டினமோ?"

சிவராசா ஐயாவின் பாரை

அன்றைக்கே சிவராசா ஐயாவின் தடி வில்லாக வளைந்தது. "பாரை! பெரிய பாரை!" என்று எழும்பி நின்றார். எனக்குச் சந்தேகம். பாரை என்றால் தலையை உதறும். இது உதறாமல் பாரமாகப் பக்கவாட்டில் போனது. கொம்புத் திருக்கை இரை கடிக்கிற மீன் அல்ல. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்களை வாயைத் திறந்து வடித்துத் தின்கிறது. அது போகிற வழியில் எங்களுடைய தூண்டில் கம்பி குறுக்கே கிடந்தால் செட்டையில் கொழுவும். அதற்கு அது என்ன செய்யும்? "ஐயா, இது பாரை இல்லைப் போல" என்றேன். மெசின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

கறுப்பு முதுகு மேலே வந்தது. தூண்டில் செட்டையில்தான் ஏறியிருந்தது. ஐயா கொக்கித் தடியை எடுத்து ஓங்கினார். நான் வாயால் சொல்லி முடியாது என்று கண்டு, கத்தியை எடுத்துத் தூண்டிலுக்குக் கிட்டவாகக் கம்பியை வெட்டிவிட்டேன். திருக்கை போய்விட்டது. ஐயா வெட்டுப்பட்ட கம்பியைத் துறை வரைக்கும் கையிலே பிடித்தபடி வந்து, முதலாளிக்குக் காட்டினார்.

தூண்டில் போடுகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. உதறாத பாரம் பக்கவாட்டில் இழுத்தால், உங்கள் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டாம். மெதுவாகக் கிட்டக் கொண்டுவந்து, தண்ணீரில் இருக்கும்போதே, கம்பி நீளமாகத் தொங்காமல் வெட்டிவிடுங்கள். கொக்கி போடாதீர்கள். கொம்பிலோ, வயிற்றுப் பக்கத்தில் அது மூச்சுவிடுகிற பூவிலோ பிடித்துத் தூக்காதீர்கள். இவ்வளவையும் நான் முதலாளிக்கும் சொன்னேன், வழக்கமான குரலில். அவர் கணக்குப் பேசினார்.

"வள்ளத்துக்க வாறது முழுக்க, வள்ளம் பிடிச்ச ஆளுக்குச் சொந்தம். இனி ஒரு முறைப்பாடு வந்திச்செண்டா, மெசினக் கழட்டி என்ட கையில தந்திட்டுப் போ."

தானாய் ஏறினவர்

அடுத்த கிழமை துறையில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. மற்ற வள்ளங்கள் கரையில் கிடந்தன. முதலாளியிடம் மட்டும் ஒரு கான் இருந்தது. ஆகவே சிவராசா ஐயாவுக்கு வேறு வழியில்லை, எனக்கும் வேறு வழியில்லை. அவர் ஏறுமுன் கடலைப் பார்த்துக்கொண்டு, "கத்தியை முதலாளியிட்டக் குடுத்திட்டு வாரும்" என்றார். குடுத்துவிட்டு வந்தேன். தருமலிங்கம் அண்ணை வேடிக்கை பார்க்க வந்தார்.

குடாவில் மெசினை நிற்பாட்டினேன். சளார், சளார் என்று சுற்றிவரத் திருக்கைகள் துள்ளிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று நேரே எழும்பி வள்ளத்துக்குள்ளேயே விழுந்தது. தேத்தண்ணிப் போத்தல் உடைந்தது. தருமலிங்கம் அண்ணை பலகையில் ஏறி நின்று, "வால்! வாலில நஞ்சு!" என்று கத்தினார். இந்த இனத்துக்கு வாலில் முள் இல்லை என்று சல்லியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் பேன் கதையைச் சொன்னவர்களும் அவர்களே. ஆகவே நானும் வால் பக்கம் போகவில்லை. சாக்கை நனைத்து அதன் மேல் போட்டேன்.

அதற்குள் இரண்டு பேருக்கும் வழக்கு. "துள்ளி ஏறினது தூண்டில் கணக்கில வராது, அத்தான்." "என்ர காசில பிடிச்ச வள்ளம். வந்தது என்ரது." ஐயா கொக்கித் தடியைக் கையில் எடுத்தார். முதலாளியின் சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி. அதைத் தூக்கிக் கடலில் விட்டால் என் வேலையும் அதோடு போகும். விடாவிட்டால், சாக்குக்குக் கீழே அந்தப் பூக்கள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் சாக்குக்கு மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் சாக்குக்குக் கீழிருந்து ஏதோ வழுகிக்கொண்டு வந்தது. சுருட்டின வெற்றிலை மாதிரி. உடைந்த போத்தலின் துண்டுதான் என்று நினைத்தேன். அது மெல்ல விரிந்தது. இரண்டு செட்டை, இரண்டு கொம்பு. தருமலிங்கம் அண்ணை திரும்பவும் கத்த வாயெடுத்தார். ஐயா கொக்கித் தடியைக் கீழே வைத்தார்.

"சத்தம் போடாதை, மச்சான். பிள்ளைப்பேறு நடக்கிற இடம்."

முறைப்பாடு

மெசின் ஓடாததால் முதல்தடவையாக என் குரல் ஆருக்கோ கேட்டது. "ஐயா, தாயைத் தனியத் தூக்க ஏலாது. செட்டைக்குக் கீழ கையை விடுங்கோ. கொம்பில பிடிக்காதேங்கோ." அவர் முழங்காலில் இருந்தார். குட்டியை முதலில் விட்டேன். பிறகு இரண்டு பேருமாகத் தாயைத் தூக்கி, தண்ணீரில் தாழ்த்தி, அது தானாகச் செட்டையடிக்கும் மட்டும் பிடித்திருந்து விட்டோம். தாய் ஒரு பக்கம் போனது. குட்டி ஒரு பக்கம் போனது. பிழைத்ததோ, ஒன்றையொன்று கண்டதோ, எனக்குத் தெரியாது. பிள்ளை பெறத்தான் துள்ளினதோ, துள்ளி விழுந்த அடியில்தான் பிள்ளை பிறந்ததோ, அதுவும் தெரியாது.

துறை வரைக்கும் ஐயா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருடைய புதுச் சேட்டு முழுக்கச் சளி. முதலாளி ஓடி வந்து வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்: உடைந்த போத்தல், ஈரச் சாக்கு, மீன் ஒன்றும் இல்லை. "என்னய்யா, இண்டைக்கும் முறைப்பாடா?" என்று கேட்டார். ஐயா, "ஓம், இருக்கு" என்றார். ஆரும் சொல்லாமலே நான் குனிந்து மெசினின் திருகாணியைக் கழட்டத் தொடங்கினேன். ஐயா சேட்டை உதறிக்கொண்டு முதலாளியைப் பார்த்தார்.

"அது ஏன் துள்ளுதெண்டு இந்தத் தம்பி இன்னும் ஒழுங்காச் சொல்லேல்லை. நாளைக்கும் வாறன், யோசிச்சு வைக்கச் சொல்லுங்கோ. கத்தியையும் அவரிட்டையே குடுங்கோ."

அதற்குப் பிறகு எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியும் கொம்புத் திருக்கை ஏன் துள்ளுதென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் தெரியாதென்று சொல்வதையே ஆட்கள் காசு கொடுத்துக் கேட்டுவிட்டுப் போகிறார்களே, அதுதான் அதைவிட விளங்கவில்லை.