தீவின் பெரிய மனிதர்களும் என் முக்கால் மணி நேரமும்

1930களின் தொடக்கத்தில், ஜொகூர் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்த ஒரு ரப்பர் தோட்டத் தீவில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. தீவில் பெரிய மனிதர்கள் இரண்டு பேர்: கூலியாட்களை மேய்க்கும் கங்காணி, அக்கரைக்குச் சம்பான் படகு ஓட்டும் சம்பான்காரர். மூன்றாவது நான் என்பது என் சொந்தக் கணிப்பு. வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கங்காணி கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் வெளியே வரமாட்டார். அவர் எதிரே செருப்போடு நடந்தவன் மறுநாள் நடக்கவே சிரமப்படுவான். சம்பான்காரருக்கு எழுத்து தெரியாது, தண்ணீர் தெரியும். எனக்கு எழுத்து தெரியும்.

ஒருநாள் மதியம் பால்வெட்டுக்காரர் ஒருவர் ஆபீசுக்கு ஓடி வந்தார். அவர் மனைவிக்கு விடியலிலிருந்து பிரசவ வலி, மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக என் கையால் சீட்டு வேண்டும்.

பின்னாலேயே சம்பான்காரர். "ஐயா, தண்ணி நெறஞ்சு நிக்குது. இப்பவே தள்ளிட்டா கரையில போயி முட்டலாம். எறங்கிருச்சின்னா சேறுதான்."

சிங்கப்பூரில் அச்சான நீரேற்ற அட்டவணையைப் புரட்டினேன். நிறைவு இரண்டு மணிக்கு. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றேகால்.

"இன்னும் முக்கால் மணி ஏறும்யா. புள்ளத்தாச்சியப் பதறாம கூட்டிட்டு வாங்க."

"பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படிச்சவங்க சொன்னா சரிதான்." நான் சீட்டை மணிமணியான கையெழுத்தில் எழுதினேன்.

இரண்டுக்குக் கிளம்பினோம். அக்கரையில் ஏதோ வேலை என்று கங்காணியும் ஏறிக்கொண்டார். கரைக்கு நூறு கஜம் இருக்கையில் சம்பான் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு முனகக்கூடத் தெம்பில்லை. கரையில் போலீஸ் ஸ்டேஷன் மணி அடித்தது. நான்கு. என் கணக்கில் மூன்றேகால்.

அப்போதுதான் உறைத்தது. ஆட்களிடம் கூடுதல் வேலை வாங்குவதற்காகத் தினமும் மதியம் ஆபீஸ் கடிகாரத்தை முக்கால் மணி பின்னுக்குத் தள்ளி வைப்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. தள்ளுகிறவனும் இரவில் சரிசெய்கிறவனும் நான். அன்றும் தள்ளியிருந்தேன். ஊரை ஏமாற்றத் திருப்பிய முள்ளை ஊரைவிட அதிகமாக நம்பியவனும் நானே. நான் படித்த புத்தகங்களில் இத்தனை முழுமையான முட்டாளைச் சந்தித்ததில்லை.

கங்காணி கோட்டைக் கழற்றி அவள் தலைக்கு வைத்தார். அந்த வாரம்தான் அவள் கணவனை உதைத்த கால்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கின. பாய்மரத் துணியை அவிழ்த்து அவளை அதில் கிடத்தினார்.

"என்னா கிராணி முழிக்கிறீங்க? ஒரு முனையப் புடிங்க."

கங்காணி, சம்பான்காரர், கணவன், நான். நாலு முனை. "இந்தா ஆச்சும்மா, இந்தா வந்துட்டோம்," என்று வழி நெடுக அவளிடம் பேசிக்கொண்டே வந்தது கங்காணியின் குரல்தான். அந்தக் குரலுக்கு அப்படியும் பேசத் தெரியும் என்பது சேற்றைவிட என்னை நிலைகுலைய வைத்தது.

அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. "அரை மணி முந்தி வந்திருக்கலாமே," என்றார் டாக்டர்.

கணவன் என்னைத் தேடி வந்து கும்பிட்டார். "நீங்க சீட்டு குடுத்ததாலதான் சாமி, அவளாவது மிஞ்சினா."

வாயைத் திறந்தேன். கங்காணி என் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். கடிகாரச் சங்கதி அவருக்கும் தெரியும்.

"சொல்லப் போறீங்களா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"சொன்னா ஒங்களுக்குப் பாரம் எறங்கும். அவன் எங்க போயி எறக்குவான்?"

சேறு காயாத வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிள்ளையைப் புதைக்க இடம் கேட்டுக் கங்காணியே போனார்.