சிரிப்பு வராத பாட்டுப் படம்

சில வருடங்களுக்கு முன், கணவரின் வேலை மாற்றத்தால் டெக்சாஸில் உள்ள கேட்டி என்ற ஊருக்கு நாங்கள் குடிவந்த புதிதில் நடந்தது இது. கணவர் ஆபீஸுக்கும் மகள் பள்ளிக்கும் போய்விட்டால் வீட்டில் நானும் ஏ.சி. சத்தமும்தான். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. பொள்ளாச்சியில் கணக்கு டீச்சராக ஒரு வகுப்பையே அதட்டி உட்கார வைத்தவள், இங்கே கடையில் யாராவது ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கப் பெண்மணி தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். நான் கொண்டுபோய்க் கொடுத்த எலுமிச்சை சாதத்தில் தொடங்கியது எங்கள் சிநேகம். அங்கே எனக்கென்று இருந்த ஒரே தோழி அவர்தான். மாதம் ஒருமுறை மதியத்தில் நூலகத்தில் பழைய ஹாலிவுட் படம் போடுவார்கள். முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். தோழி என்னையும் தன் காரில் கூட்டிப்போவார். என் முறை வரும்போது "வெரி நைஸ்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

ஒரு மாதம் படத்தைத் தேர்ந்தெடுத்தவர் என் தோழிதான். ஆட்டமும் பாட்டுமான நகைச்சுவைப் படம். நாயகன் உலகமே கொண்டாடிய நட்சத்திரம். சின்ன வயதில் தோழி அந்த நடிகரின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாராம். காரில் போகும்போதே அதில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஆசை. பாட்டுப் படம் என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும்!

ஆனால் படம் ஓட ஓட எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பணக்கார நாயகன் ஏழையாக நடித்து, தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணைக் காதலிக்கிறான். உண்மை தெரிந்து அவள் கொதித்துப் போகிறாள். அவன் ஒரு பாட்டுப் பாடுகிறான், அவ்வளவுதான், சமாதானம். சுற்றிலும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு புன்னகைகூட வரவில்லை.

பேச உட்கார்ந்தபோது ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். கூட்டத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். அவர் என் பக்கம் திரும்பி, "உங்கள் ஊர்ப் படங்களில் பாட்டு நிறைய உண்டே, உங்களுக்கு இது ரொம்பப் பிடித்திருக்குமே?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை உசுப்பிவிட்டது. பாட்டுப் படத்தைப் பற்றிக் கேட்கும்போதும் பொய் சொல்லவா? "பிடிக்கவில்லை" என்றேன்.

தோழியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பேராசிரியர் தன்மையாகத்தான் சொன்னார், அமெரிக்கர்கள் வேகமாகப் பேசும் ஜோக்குகள் எனக்குப் புரியாமல் போயிருக்கலாம் என்று. எனக்குக் காது சூடேறியது. "ஜோக் புரிந்தது சார். சிரிப்புதான் வரவில்லை" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஏன் என்று கேட்டார். விளக்க வார்த்தை கிடைக்கவில்லை. அதனால் அந்தச் சமாதானப் பாட்டை மறுபடி போடச் சொன்னேன். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "ஹீரோவைப் பார்க்காதீர்கள், அந்தப் பெண்ணை மட்டும் பாருங்கள்" என்றேன்.

பாட்டு ஓடியது. அழுது சிவந்த கண்ணோடு அவள் வருகிறாள். கையைப் பிடித்துக்கொண்ட நாயகனோ நம்மைப் பார்த்தே பாடுகிறான். அவளைச் சுழற்றி, கொஞ்சம் முன்னதாகவே கையை விட்டுவிடுகிறான். அவள் தடுமாறி ஒரு நாற்காலியைப் பிடிக்கிறாள். அந்தத் தடுமாற்றத்தையே ஓர் அழகான அடவாக மாற்றிச் சிரிக்கிறாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது மன்னிப்புக் கேட்கிற பாட்டு. ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்க்காமல் பாடினால் அவள் கோபம் எப்படிப் போகும்?" என்று கேட்டேன். இலக்கணம் தப்பியிருக்கும். குரல் மட்டும் நடுங்கவில்லை.

பேராசிரியர் இன்னொரு முறை போடச் சொன்னார். பார்த்து முடித்ததும், எனக்குப் புரியவில்லை என்று நினைத்தது தன் தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு ஒரே விவாதம்! நட்சத்திரத்துக்காகச் சண்டை போட்டவர்களும் உண்டு. யாருக்கும் எழுந்து போக மனமில்லை.

திரும்பி வரும் வழியில் தோழி பேசவே இல்லை. இருந்த ஒரு சிநேகத்தையும் கெடுத்துக்கொண்டேனோ என்று பயந்துபோனேன். சிக்னலில் கார் நின்றபோது சொன்னார்: "எத்தனையோ தடவை பார்த்த படம். அந்தப் பெண் இவ்வளவு நன்றாக ஆடினாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது." சொல்லிவிட்டு என் கையை ஒருமுறை அழுத்தினார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மகள், "அம்மா, சீரியஸ்லி? யூ சேட் தட்? எல்லார் முன்னாடியுமா?" என்று குதித்தாள். சாயங்காலம் அவள் அப்பா உள்ளே நுழைந்ததும் அதை நடித்துக் காட்டியவளும் அவள்தான்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டேன். ஆனாலும் நான் கண்டதை நானே சொல்ல, ஓர் அறையே அதைத் திரும்பிப் பார்த்த அந்த மதியம்தான், நான் யார் என்பதை எனக்கே மீட்டுக்கொடுத்தது.